கல்லுக்கு முன்னால் தோல்வார்

முடியைவிடச் சவர பிளேடின் எஃகு ஏறத்தாழ 50 மடங்கு கடினமானது. அப்படியும் சில நாள் சவரத்திலேயே பிளேடு மழுங்கிவிடுகிறது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் ஆய்வாளராக இருந்த ஜான்லூக்கா ரோஷியோலி இதற்கு விடை தேடத் தன் முகத்தையே சோதனைக்களம் ஆக்கினார். சவரம் செய்வார், ஒவ்வொரு முறையும் பிளேடை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துப் பார்ப்பார். விளிம்பு தேய்ந்து உருண்டிருக்கும் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பார்கள். தேய்மானம் மிகக் குறைவாகவே இருந்தது. அதற்குப் பதிலாக விளிம்பில் அங்கங்கே நுண்ணிய சில்லுகள் பெயர்ந்திருந்தன.

பிறகு அவரும் அவருடைய ஆய்வுக் குழுவினரும் நுண்ணோக்கிக்குள்ளேயே முடியை வெட்டிக் காட்டும் ஒரு சிறு கருவியை அமைத்தார்கள். முடி விறைப்பாக நின்று, பிளேடு அதைச் செங்குத்தாக வெட்டினால் விளிம்புக்கு ஒன்றும் ஆகவில்லை. முடி வளைந்துகொடுத்து, விளிம்பைச் சாய்வாகச் சந்தித்து, அந்த இடத்தில் எஃகின் உள்ளமைப்பும் சீரற்று இருந்தபோதுதான் சில்லு தெறித்தது. செம் தாசான் தலைமையிலான அந்தக் குழுவின் கட்டுரை 2020இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்தது.

தூக்கி எறியும் பிளேடில் சில்லு தெறித்தால் புது பிளேடு வாங்கிக்கொள்ளலாம். பரம்பரைச் சொத்துபோல் கைமாறி வரும் மடக்குச் சவரக்கத்தியில் அப்படி முடியாது. அதன் விளிம்பைத் திரும்பத் திரும்பச் சீர்படுத்தியே ஆகவேண்டும். தமிழ்நாட்டு சலூன்களில் இந்த வேலை ஒரு காலத்தில் அன்றாடக் காட்சி. எய்ட்ஸ் பற்றிய விழிப்புணர்வு பரவிய பிறகு, பாதியாக ஒடித்த பிளேடைச் செருகும் கத்தி வந்தது. ஒருவர் முகத்தில் பட்ட விளிம்பு இன்னொருவர் முகத்தில் படக்கூடாது என்ற வகையில் அது மிகச் சரியான மாற்றம். ஆனால் ஒருவர் தனக்கு மட்டுமே என்று வைத்துக்கொள்ளும் கத்திக்கு அந்த அபாயம் இல்லை. அதனால் வீட்டில் மடக்குக் கத்தி பழகுகிறவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். ஜெர்மனியின் சோலிங்கன் நகரில் 1906இல் தொடங்கிய டோவோ நிறுவனமும், பிரான்சின் தியேர் நகரில் 1884இல் தொடங்கிய தியேர்-இஸார் நிறுவனமும் இவர்களுக்குத் தெரிந்த பெயர்கள்.

புதிதாகப் பழகுகிறவர் முதலில் செய்யும் காரியம் பெரும்பாலும் ஒன்றுதான்: கத்தியோடு சேர்த்து நாலைந்து தீட்டுக்கற்களையும் வாங்கிவிடுவது. அது அவசரம். முதல் சில மாதங்களுக்கு அவருக்குக் கல்லே தேவையில்லை. தேர்ந்த கை ஒருமுறை தீட்டித் தந்த கத்தியும், நல்ல தோல்வார் ஒன்றும் போதும். கடைக்குப் புதிதாக வரும் கத்திகளில் பலவும் முகத்தில் வைக்கும் அளவுக்குத் தீட்டப்பட்டிருப்பதில்லை என்பதால், அந்த முதல் தீட்டலை மட்டும் அனுபவசாலியிடம் விட்டுவிட வேண்டும்.

தோல்வார் எஃகைக் குறிப்பிடும்படி அரைப்பதில்லை. சவரத்தில் லேசாகச் சாய்ந்தும் நெளிந்தும் போன விளிம்பை நேராக நிமிர்த்துகிறது, மெருகேற்றுகிறது. அந்த விளிம்பின் பருமன் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. ஒரு முடியின் குறுக்களவு 50 முதல் 100 மைக்ரான் வரை என்று எண்ணிப் பார்த்தால், எவ்வளவு மெல்லியதை விரல்கள் கையாளுகின்றன என்பது விளங்கும். இங்கே முரட்டுத்தனம் எதுவும் செல்லாது.

வாரின் ஒரு முனையைக் கொக்கியில் மாட்டி, மறுமுனையை இடது கையால் இழுத்துப் பிடிக்க வேண்டும். வார் தொய்ந்தால் அது விளிம்பைச் சுற்றி வளைந்து, கூர்மையை மழுக்கிவிடும். கத்தியைப் படுக்கையாக வைத்தால் அதன் தடித்த முதுகும் கூரிய விளிம்பும் ஒரே நேரத்தில் தோலைத் தொடும். முதுகு முன்னே போக, விளிம்பு பின்னால் இழுபட வேண்டும். கோடிக்கு வந்ததும் முதுகைத் தோலிலிருந்து எடுக்காமல், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் இடையே கைப்பிடிக் கழுத்தை உருட்டிக் கத்தியைப் புரட்ட வேண்டும். பிறகு அதே வழியில் திரும்ப வேண்டும்.

கைப்பழக்கம் இல்லாதவர்கள் தவறுவது அந்தத் திருப்பத்தில்தான். முதுகைத் தூக்கி விளிம்பின் மேல் புரட்டினால் தோல் வெட்டுப்படும், விளிம்பும் கெடும். வேகம் காட்டும் ஆசைதான் இதற்குக் காரணம். வேகம் தானாக வரும். ஆரம்பத்தில் ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு நொடி நிறுத்தினாலும் நஷ்டமில்லை. அழுத்தமும் வேண்டாம், கத்தியின் எடையே போதும். சவரத்துக்கு முன் துணியால் ஆன வாரில் 20, 30 முறை, பிறகு தோலில் 50 முறை என்பது பரவலாகப் பின்பற்றப்படும் கணக்கு. எண்ணிக்கை கொஞ்சம் கூடலாம், குறையலாம். கத்தி படுக்கையாக இருப்பதில்தான் விட்டுக்கொடுக்கக் கூடாது.

சமையலறைக் கத்தியைத் தீட்டும்போது எந்தக் கோணத்தில் பிடிப்பது என்பது பெரிய தலைவலி. சவரக்கத்தியில் அந்தத் தலைவலியே இல்லை. முதுகின் தடிமனும் அலகின் அகலமும் சேர்ந்து கோணத்தை முன்கூட்டியே முடிவு செய்துவிடுகின்றன. இருபக்கமும் சேர்த்து அது 16, 17 டிகிரி அளவில் இருக்கும். கல்லிலும் கத்தியைப் படுக்கையாக வைத்தால் போதும், கோணம் தானே அமையும். கத்தியைச் செய்தவரின் அறிவு அந்த முதுகில் இருக்கிறது. முதுகை உயர்த்திப் பிடித்துத் தீட்டுகிறவர் அந்த அறிவைத் தூர எறிகிறார்.

கல்லில் திசை மாறும். தோலில் முதுகு முன்னே போனது. கல்லில் விளிம்பு முன்னே போக வேண்டும், மெல்லிய ஏட்டைக் கல்லின் மேலிருந்து சீவி எடுக்கப் பார்ப்பதைப்போல. அலகு பல கற்களைவிட நீளமாக இருப்பதால், கோடி முதல் கோடி வரை கல் படும்படி குறுக்காக இழுத்துக்கொண்டே நகர்த்துவார்கள். கற்களை அவற்றின் துகள் நுண்மையைக் குறிக்கும் எண்ணால் அழைப்பது வழக்கம். 1000 எண் கல் பக்கச் சரிவுகளை உருவாக்கும், 4000, 8000 அதன் கீறல்களை ஆற்றும், 12000 மெருகேற்றும். பக்கச் சரிவு சரியாக அமைந்த, சில்லு விழாத கத்திக்கு 1000 எண் கல்லைக் காட்டவே கூடாது. அது எஃகை வீணாகத் தின்றுவிடும்.

இயற்கைக் கற்களில் பெல்ஜியத்தின் ஆர்தென் மலைப்பகுதியில் கிடைக்கும் மஞ்சள் நிறக் கோட்டிக்யூல் பெயர்பெற்றது. கோமேதகத்தின் இனமான கார்னெட் படிகங்கள் அதில் நுண்துகள்களாக நிறைந்திருக்கின்றன. எஃகை அரைப்பவை அவைதான். கல்லில் அரைபடும் எஃகின் கதையில் தென்னிந்தியாவுக்கும் பங்குண்டு. லண்டனில் கத்திகளும் அறுவைக் கருவிகளும் செய்த ஜேம்ஸ் ஸ்டோடார்ட், மூசையில் உருக்கிய இந்திய வூட்ஸ் எஃகைப் பெரிதும் மதித்தவர். மைக்கேல் ஃபாரடேயும் அவரும் சேர்ந்து அந்த எஃகை ஆராய்ந்து, அதைவிட மேலான கலவை கிடைக்குமா என்று முயன்று, 1820இலும் 1822இலும் முடிவுகளை வெளியிட்டார்கள். அந்த வூட்ஸின் வேர்களைத் தேடினால், நொய்யல் கரையில் மூசை எஃகின் தடயங்கள் கிடைத்த கொடுமணல் வரை போகலாம்.

கல் சரியாகப் பட்டதா என்று எப்படித் தெரியும்? விளிம்பின் ஓரத்தில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு பூசிவிட்டு ஓரிரு முறை இழுத்துப் பார்த்தால் போதும். மை எங்கே மிஞ்சியிருக்கிறதோ அங்கே கல் படவில்லை. விளக்கொளியில் விளிம்பை நேராக நோக்குவது இன்னொரு சோதனை. கூரான விளிம்பு ஒளியைக் காட்டாது. மழுங்கிய இடம் மெல்லிய வெள்ளிக் கோடாக மின்னும். மெருகுக் கல்லில் தண்ணீர் விட்டு இழுக்கும்போது விளிம்புக்கு முன்னால் ஓடும் நீர், கூர் கூடக் கூட அலகின் மேல் ஏறத் தொடங்கும். பழகியவர்கள் அதைப் பார்த்தே நிறுத்துவதுண்டு. கட்டைவிரல் நகத்தில் விளிம்பை இழுத்துப் பார்ப்பதை ஆரம்பநிலைக் கட்டத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும், மெருகேறிய விளிம்பை அது பாழாக்கும். தொங்கும் முடியை வெட்டிக் காட்டுவது பார்க்க அழகு. ஆனால் முடிக்கு முடி முடிவு மாறும். நம்பகமான தீர்ப்பு கன்னத்தில்தான் கிடைக்கிறது.

தோலில் முறையாக இழுத்த பிறகும் கத்தி முடியைப் பிடித்து இழுத்தால், அப்போது கல்லை எடுக்கலாம். அப்போதும் மெருகுக் கல்லில் பத்துப் பதினைந்து முறை, அல்லது குரோமியம் ஆக்சைடு பூசிய பச்சை வாரில் சில முறை போதும். தாடியின் தடிப்பையும் கையின் பக்குவத்தையும் பொறுத்து இது சில வாரங்களுக்கு ஒருமுறையோ சில மாதங்களுக்கு ஒருமுறையோ வரும்.

துரு இதையெல்லாம் ஒரே இரவில் கெடுத்துவிடும். இந்தக் கத்திகள் பெரும்பாலும் கார்பன் எஃகு. விளிம்பில் ஒட்டிய ஒரு துளி நீர், கடலோர ஊரின் ஈரக்காற்றில் நுண்ணிய குழிகளை அரித்துவிடும். கழுவி, மென்துணியால் முதுகிலிருந்து விளிம்பு நோக்கித் துடைத்து, நன்றாக உலரவிட்டு, குளியலறைக்கு வெளியே வைக்க வேண்டும். சில நாள் எடுக்காமல் வைப்பதாக இருந்தால் மெல்லிய மினரல் ஆயில் ஒரு பூச்சு அவசியம். ஈரமாகக் கைப்பிடிக்குள் மடக்கிவிடக் கூடாது. மடிப்புக்குள் தேங்கும் ஈரம் கண்ணுக்குத் தெரியாது.

கல்லில் பழக ஆசை வந்துவிட்டவர், பழைய பொருட்கள் விற்கும் இடத்தில் துருக்குழியும் சில்லும் இல்லாத மலிவான கத்தி ஒன்றை அதற்கென்று தேடிக்கொள்வது நல்லது. தேர்ந்தவர் தீட்டித் தந்த கத்தியைக் கல்லில் வைக்காமல் காப்பாற்றி வந்தால், ஒரு கன்னத்துக்கு அதையும் மறு கன்னத்துக்குத் தான் தீட்டியதையும் பயன்படுத்திப் பார்க்கலாம். இரண்டுக்கும் உள்ள தூரம் எவ்வளவு என்று அன்றைக்கே தெரிந்துவிடும்.