குட்டியைப் பார்த்து மயங்காதீங்க!

பரீட்சை முடிந்து லீவு விட்டாலே, "அம்மா, ஒரு நாய்க்குட்டி வாங்கிக் கொடும்மா" என்ற பல்லவி பல வீடுகளில் ஆரம்பமாகிவிடும். அந்தப் பஞ்சுப் பொதியைக் கையில் வாங்கினால் நமக்கே மனசு இளகிவிடும்தான். ஆனால், அதே குட்டி ஆறு மாதத்தில், ஒரு வருடத்தில் எப்படி மாறும் என்று நம்மில் எத்தனை பேர் விசாரிக்கிறோம்?

எங்கள் தெருவில் ஒரு அக்கா வீட்டில் பொமரேனியன் குட்டி வாங்கினார்கள். புசுபுசுவென்று அப்படி ஒரு அழகு! ஐந்தாம் மாதம் முடி கொட்ட ஆரம்பித்தது. முகமும் காலும் ஒல்லியாகி, நரிக்குட்டி மாதிரி ஆகிவிட்டது. "ஏதோ சொறி போலிருக்கு, பிள்ளைங்களுக்கு ஒட்டிக்கும். எங்கேயாவது கொண்டுபோய் விட்டுடலாம்" என்று வீட்டுக்காரர் கூடையை எடுத்துவிட்டார். நல்லவேளை, அக்கா பிடிவாதமாக கால்நடை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார். டாக்டர் தோலைப் பார்த்துவிட்டுச் சிரித்தாராம். "குட்டி முடி உதிர்ந்து பெரிய முடி முளைக்குதும்மா, அவ்வளவுதான்." நாலு முதல் ஆறு மாதத்தில் இந்த இனத்துக்கு இது சகஜம். முழு அடர்த்தி வர ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம். ஆனால் தோல் சிவந்து, புண் வந்து, ஓயாமல் சொறிந்தால் அது நோய்தான், உடனே காட்டணும்.

அல்சேஷன் குட்டிக்குக் காது மடங்கித் தொங்கும். பெரும்பாலும் மூன்று மாதத்திலிருந்து ஆறு மாதத்துக்குள் நிமிரும். பல் முளைக்கும்போது நிமிர்ந்த காது மறுபடி சாய்வதும் உண்டு. ஒன்று நிமிர்ந்து, ஒன்று தொங்கி, பார்க்கவே வேடிக்கையாக இருக்கும்! 'கலப்புக் குட்டியைத் தலையில் கட்டிட்டான்' என்று அவசரப்பட்டு விற்றவரிடம் சண்டைக்குப் போகாதீங்க. டால்மேஷன் பிறக்கும்போது வெள்ளை வெளேரென்றுதான் இருக்கும். சுமார் இரண்டு வாரம் கழித்தே புள்ளி எட்டிப் பார்க்கும்.

நம்ம ஊர் ராஜபாளையம், சிப்பிப்பாறை கதை வேறு. குட்டியில் கொழுகொழுவென்று இருப்பது, வளர வளர கால் நீண்டு வயிறு ஒட்டிவிடும். "சோறு போடுறதில்லையா?" என்று வருகிறவர்களெல்லாம் கேட்பார்கள். வேட்டை நாய்க்கு உடம்பு வாகே அப்படித்தான். ஓட இடம் வேணும். மாடி வீட்டில் சங்கிலி போட்டுக் கட்டினால் பாவம்.

மடியில் தூங்கும் லாப்ரடார் குட்டி, வளர்ந்தால் 25 முதல் 35 கிலோ வரும். அதை இழுத்துப் பிடிக்கப் போவது பிள்ளைகளா, நாமா? (வேறு யார், நாம்தான்!) சின்ன இனங்கள் ஒரு வருடத்தில் வளர்ந்து முடியும். கிரேட் டேன் மாதிரி பெரிய இனங்களுக்கு ஒன்றரை, இரண்டு வருடம்கூட ஆகும். சீக்கிரம் வளரட்டும் என்று டாக்டரைக் கேட்காமல் கால்சியம் மருந்து ஊற்றாதீர்கள். பெரிய இனக் குட்டிகளுக்கு அது எலும்பு வளர்ச்சியையே கெடுக்கும்.

எந்த இனமானாலும் 28 பால் பற்களும் விழுந்து 42 பற்கள் முளைத்து முடிய ஆறு, ஏழு மாதம் ஆகிவிடும். அதுவரை செருப்பு, கட்டில் கால், புடவைத் தலைப்பு எதுவும் தப்பாது. கடிக்க ஒரு ரப்பர் பொம்மை போட்டுவிடுங்கள்.

குட்டி வாங்கப் போனால், தாய் நாயைக் காட்டச் சொல்லுங்கள். உயரம், முடி, குணம் எல்லாம் ஓரளவு தெரிந்துவிடும். எட்டு வாரம் ஆகாத குட்டி என்றால், இன்னும் கொஞ்ச நாள் தாயிடமே விட்டுவிட்டு வாருங்கள்.

- ஒரு வாசகி, மதுரை.