பழைய நாற்காலியும் புது மெருகும்

சாமான் பழையதாக ஆக அதன் விலை குறைந்துகொண்டே போகும் என்பது கடைத்தெருவின் பொது விதி. இந்த விதிக்கு விலக்கான வியாபாரம் ஒன்று நம் நாட்டில் நடந்து வருகிறது. அதிலே சாமானுக்கு வயது ஏற ஏற விலையும் ஏறுகிறது. பேரன் நேற்று வாங்கிவந்த நாற்காலியை எவரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. பாட்டனார் சாய்ந்திருந்த நாற்காலிக்கோ பட்டணத்திலிருந்து ஆள் வருகிறது! இதைக் கேட்டு நகைப்பவர்கள் உண்டு. ஆனால் சற்று நின்று யோசிப்போமானால், நகைப்பதற்கு மட்டுமின்றிக் கவலைப்படுவதற்கும் இதில் விஷயம் இருப்பது புலப்படும்.

மதுரையிலிருந்து தேனிக்குச் செல்லும் சாலையில் உள்ள உசிலம்பட்டியிலே, ஒரு பழைய ஓட்டு வீட்டை இடித்துக் கான்கிரீட் வீடு கட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். புது வீட்டின் அறைகளுக்குப் பழைய தேக்குக் கட்டில் பொருந்தவில்லை. கால் ஆடும் மேஜை, பிரம்பு கிழிந்த நாற்காலி, மூடி பிளந்த கணக்குப் பெட்டி எல்லாம் கொல்லைத் தாழ்வாரத்துக்குப் போய்ச் சேருகின்றன. அங்கே மழைச்சாரலும் கரையானும் அவற்றை விசாரித்துக்கொள்கின்றன. பிறகு ஒரு நாள் பழைய சாமான் வாங்குபவர் வாசலில் வந்து நிற்கிறார். மரத்தைக் கண்ணாலேயே எடை போட்டு ஒரு தொகை சொல்கிறார். "இடம் ஒழிந்தால் போதும்" என்று வீட்டு அம்மாள் சம்மதிக்கிறார். அன்று அந்த வீட்டை விட்டுப் போனது விறகா, பொக்கிஷமா? இந்தக் கேள்விக்கு விடை சொல்லக்கூடியவர் இனி அதைப் பழுது பார்க்கப்போகும் தச்சர்தான்.

இவ்விதமான சாமான்களுக்குத் தமிழ்நாட்டில் பேர்பெற்ற சந்தை காரைக்குடியில் இருக்கிறது. அவ்வூர் முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக உண்டு. தூண்கள், கதவு நிலைகள், ஊஞ்சற் பலகைகள், பெல்ஜியம் கண்ணாடிகள், பீங்கான் ஜாடிகள், எனாமல் பாத்திரங்கள், சாய்வு நாற்காலிகள் ஆகியவை அங்கே ஒன்றன்மேல் ஒன்றாகக் காட்சி தருகின்றன. இவை இவ்வளவு பெருந்தொகையாக ஓரிடத்தில் சேர்ந்தது எப்படி? அதற்கு விடை கடலுக்கு அப்பால் இருக்கிறது.

நாட்டுக்கோட்டை நகரத்தார் பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் பர்மா, இலங்கை, மலாயா முதலிய தேசங்களில் வட்டிக்கடை வைத்துப் பெரும் பொருள் ஈட்டினர். அப்பொருளைக் கொண்டு சொந்த ஊர்களில் மாளிகைகள் எழுப்பினர். அவற்றுக்கு வேண்டிய தேக்கு பர்மாவிலிருந்து வந்தது. பர்மாக் காடுகளில் தேக்கை உடனே வெட்டி விடுவதில்லை. அடிமரத்தைச் சுற்றிப் பட்டையை வெட்டிச் சில ஆண்டுகள் நின்றபடியே உலர விடுவார்கள். பச்சைத் தேக்கு நீரில் மிதக்காது. உலர்ந்த பிறகே மிதக்கும். யானைகள் இழுத்து வந்து ஆற்றிலே விட, தெப்பங்களாகக் கட்டி ரங்கூனுக்குக் கொண்டு போவார்கள். அங்கிருந்து கப்பலேறி வந்த மரமே நம் பக்கத்துத் தூண்களாகவும் கட்டில்களாகவும் ஆயிற்று.

அந்தச் செல்வம் நிலைக்கவில்லை. 1930-ஆம் ஆண்டை ஒட்டி உலகெங்கும் விலைவாசி வீழ்ந்தது. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் வசமாயிற்று; லட்சக்கணக்கான இந்தியர் கால்நடையாகவும் கப்பலிலும் தாயகம் திரும்பினர். பர்மா விடுதலை பெற்ற 1948-இல் நிலங்களைத் தேசியமயமாக்கும் சட்டம் அங்கே பிறந்தது. 1960-களில் வியாபாரங்களும் அவ்வாறே ஆயின. மாளிகைகளில் வாழ்ந்த குடும்பங்கள் பெருகிப் பட்டணங்களுக்குப் பிரிந்தன. ஒரு வீட்டுக்குப் பங்காளிகள் பலர், பராமரிப்பதற்கோ ஒருவருமில்லை! ஆகவே வீடுகள் பிரிக்கப்பட்டன. சாமான்கள் தெருவுக்கு வந்தன.

இங்கே கடைக்காரரைக் குறை கூறுவது எளிது. ஆனால் அவர் வாங்கியிராவிட்டால் பல சாமான்கள் அடுப்புக்கே போயிருக்கும் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். கடைக்காரர் வாங்கலாமா என்பதைவிட, வாங்கிய பின் அவர் என்ன செய்கிறார் என்பதே முக்கியமான கேள்வி.

பழுது பார்ப்பதில் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று விரைவான வழி. பழைய வர்ணத்தைப் போக்கக் காஸ்டிக் சோடா கரைத்த தொட்டியில் முக்குகிறார்கள். பிறகு இயந்திரத்தால் இழைத்து, பளபளக்கும் பூச்சை அடித்து விடுகிறார்கள். சோடாவினால் தேக்கு கறுக்கிறது. மூட்டுகளில் உள்ள பசை கரைந்து பிடி தளர்கிறது. இயந்திரமோ அரை நூற்றாண்டுக் காலம் மனிதர் கைபட்டுப் பதிந்த மெருகை அரை மணியில் தின்றுவிடுகிறது. எஞ்சுவது பழைய மரத்தில் செய்த புதுச் சாமானே.

மற்றொன்று பொறுமையான வழி. நல்ல தச்சர் முதலில் தூசியைத் தட்டிச் சாமானைக் கவிழ்த்துப் பார்க்கிறார். முன்னாளில் மூட்டுகளை ஆணியின்றித் துளையும் நாக்குமாகப் பொருத்தி, வஜ்ஜிரத்தால் ஒட்டினார்கள். வஜ்ஜிரம் வெந்நீருக்கும் ஆவிக்கும் இளகும். ஆகையால் கட்டையை உடைக்காமலே மூட்டைக் கழற்றி, சுத்தம் செய்து, மறுபடி ஒட்டிக் கயிற்றால் முறுக்கிக் கட்டி வைக்கலாம். செல்லரித்த பாகத்தை மட்டும் வெட்டியெடுத்து, அதே ஜாதிப் பழைய மரத்தில், ரேகை ஓடும் திசை மாறாமல் துண்டு இணைக்கிறார். கிழிந்த இருக்கைக்குப் பிரம்பை நனைத்துப் பின்னுகிறார்கள். காயும்போது அது தானே விறைத்துக்கொள்ளும்.

கடைசியாக மெருகு. சோட்டா நாகபுரிக் காடுகளில் புரசு முதலிய மரங்களின்மேல் வாழும் சிறு பூச்சி தருவது அரக்கு. அதைத் தூய்மை செய்து ஸ்பிரிட்டில் கரைத்து, பஞ்சைத் துணியில் பொதிந்து தொட்டு, மெல்லிய பூச்சாகப் பல தடவை தேய்க்க வேண்டும். ஒவ்வொரு பூச்சும் உலரக் காத்திருக்க வேண்டும். இதில் ஒரு பெரிய நன்மை உண்டு: பின்னால் வருபவர் வேண்டுமானால் ஸ்பிரிட்டாலேயே இதை எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசலாம். இக்காலத்து ரசாயனப் பூச்சுகள் அவ்வளவு எளிதில் பெயர்வதில்லை. அடுத்த தலைமுறைத் தச்சருக்கு வழியடைக்காமல் வேலை செய்பவரே சிறந்த தச்சர்.

விலை ஏறினால் போலியும் தோன்றுவது இயற்கை. வாங்கும் நேயர்கள் சிலவற்றைக் கவனிப்பது நலம். இழுப்பறையை வெளியே இழுத்து அடிப்பலகையைப் பாருங்கள். கையினால் அறுத்த பலகையில் வாளின் சுவடு நேர்கோடுகளாக, சிறிது ஒழுங்கின்றி இருக்கும். வட்ட வாளால் அறுத்ததில் வளைவுகள் தெரியும். உண்மையான தேய்மானம் கை படும் இடத்திலும் கால் உரசும் இடத்திலும்தான் இருக்கும்; எங்கும் ஒரே மாதிரி தேய்ந்திருந்தால் ஐயப்பட வேண்டியதே. மரம் ரேகைக்குக் குறுக்காகத்தான் சுருங்கும். ஆதலால் ஒரே மரப்பலகையாலான மிகப் பழைய வட்ட மேஜையை நூல் பிடித்து அளந்தால், வட்டம் சற்றே நீண்டிருக்கக் காணலாம். பெருந்தேய்வைப் பொய்யாகச் செய்யலாம். இந்தச் சிறு கோணலைப் பொய்யாகச் செய்பவர் அரியர்.

சட்டத்தையும் அறிந்திருப்பது அவசியம். பழம்பொருள்கள், கலைச்செல்வங்கள் பற்றி 1972-ஆம் ஆண்டு இயற்றிய சட்டம் 1976 ஏப்ரல் 5 முதல் அமலில் இருக்கிறது. நூறு ஆண்டு கடந்த கைவேலைப் பொருள்களும், கட்டடத்திலிருந்து பெயர்த்தெடுத்த பாகங்களும் அதன்படி பழம்பொருள்களாகும். தனியார் எவரும் அவற்றை வெளிநாட்டுக்கு அனுப்பலாகாது. அவற்றை வியாபாரம் செய்ய உரிமம் பெற வேண்டும். நம் தச்சர்களின் கைவண்ணம் கப்பலேறிப் போகாதிருக்க இது ஒரு வேலி. ஆனால் கொல்லைத் தாழ்வாரத்தில் கரையான் அரிப்பதை எந்தச் சட்டமும் தடுக்க முடியாது.

உசிலம்பட்டிக்குத் தொலைவில் இல்லாத தே. கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தில் தம் இறுதிக் காலத்தைக் கழித்தவர் ஜே. ஸி. குமரப்பா. காந்தியடிகளின் கிராமக் கைத்தொழில் இயக்கத்தை நடத்திய அப்பெரியார், 1945-இல் வெளியான நிலைத்த பொருளாதாரம் பற்றிய தம் நூலைச் சிறைவாசத்தில் எழுதினார். நிலக்கரியையும் எண்ணெயையும் போலத் தோண்டத் தோண்டத் தீர்ந்துபோகும் செல்வம் ஒன்று. காட்டைப் போல வளர்ந்து வரும் செல்வம் மற்றொன்று என்று அவர் பிரித்துக் காட்டினார். காடு வளரும் வேகத்துக்குள் வெட்டினால்தான் அது வளரும் செல்வமாக இருக்கும். பெருந்தேக்கு முதிர ஐம்பது, அறுபது ஆண்டுகளுக்குமேல் ஆகிறது. அதில் செய்த நாற்காலியைப் பத்தாண்டில் எறிந்தால், காடு நமக்கு ஈடுகொடுக்க முடியுமா? பர்மா என்னும் மியான்மர் 2014 முதல் அறுக்காத மரக்கட்டை ஏற்றுமதியைத் தடை செய்திருப்பதும் இங்கே நினைக்கத் தக்கது.

ஆகையால் நம் வீடுகளில் உள்ள சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. பழைய சாமானைக் கொடுப்பதற்கு முன் ஒரு தச்சரை அழைத்து, பழுது பார்க்க என்ன செலவாகும் என்று கேளுங்கள். ஆடும் காலுக்கு வஜ்ஜிரமும் ஒரு நாள் கூலியுமே போதுமானதாக இருக்கலாம். விற்றே தீர வேண்டுமென்றால், மரத்தின் எடைக்கு விற்காதீர்கள். அது எந்த மரம், எந்தத் தலைமுறையில் வந்தது, யார் செய்தது என்று தெரிந்ததை எழுதிக் கொடுத்து, அதற்குரிய விலையைக் கேளுங்கள். இரண்டு வழியிலும் உள்ளூர்த் தச்சருக்கு வேலை கிடைக்கும். வேலை கிடைத்தால்தான் அவர் தம் மகனுக்கு உளி பிடிக்கக் கற்றுக் கொடுப்பார்.