எரிவாயு வெந்நீர்க் கருவியில் சூடு நிலையாமை: காரணமும் சோதனையும்

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு வழியாகப் பொன்முடிக்குச் செல்லும் சாலையில், மலையடிவாரத்தில் அமைந்த ஊர் வித்துரா. இரு பருவமழைகளும் தாராளமாகப் பெய்யும் இத்தகைய ஊர்களில் விடியற்காலைக் குளியலுக்கு வெந்நீர் விரும்பப்படுவது இயல்பே. முன்னாளில் அதற்கு விறகடுப்பும் அண்டாவும் இருந்தன. இக்காலத்தில் சமையல் எரிவாயுவால் இயங்கும் கீசரும் வழக்கிற்கு வந்துள்ளது. அண்டாவில் நீர் காய்ந்த பின்னரே முகந்து கொள்ளப்படும். சூடு போதாதெனில் மற்றொரு விறகைச் செருகலாம். கீசரிலோ சேமிப்புத் தொட்டி இல்லை. குழாயில் ஓடும்போதே, சில வினாடிகளுக்குள் நீர் சூடேற வேண்டும். ஆகவே, “நேற்று கொதித்தது, இன்று வெதுவெதுப்பு, நடுவில் அணைந்தும் போகிறது” என்னும் முறையீடு இக்கருவியுடன் உடன்பிறந்தது எனலாம்.

நீர் நுழையுமிடத்தில் ஒரு ரப்பர் சவ்வு உள்ளது. நீரோட்டம் போதிய வேகம் பெற்றதும் சவ்வின் இருபுறத்து அழுத்தமும் வேறுபட, அது அசைந்து எரிவாயுவின் வழியைத் திறக்கிறது. மின்கலங்களின் உதவியால் பொறி எழுந்து பர்னர் பற்றிக்கொள்கிறது. பல மாதிரிகளில் நிமிடத்திற்கு 2½ அல்லது 3 லிட்டருக்குக் குறைவாக நீர் ஓடினால் தீ எரியாது. வெறும் செம்புக் குழாயைத் தீ சுட்டுவிடாதிருக்கச் செய்யப்பட்ட ஏற்பாடு இது, பழுதன்று.

கணக்கு எளியது. ஒரு லிட்டர் நீரை ஒரு டிகிரி செல்சியஸ் சூடேற்ற ஒரு கிலோகலோரி வெப்பம் வேண்டும். “6 லிட்டர்” எனப்படும் கருவி, பொதுவாக நிமிடத்திற்கு 6 லிட்டர் நீரை 25 டிகிரி உயர்த்த வல்லது. அதாவது நிமிடத்திற்கு 150 கிலோகலோரி. உள்வரும் நீர் 24 டிகிரி எனில், 6 லிட்டர் ஓட்டத்தில் 49 டிகிரி கிடைக்கும். அதே தீயில் ஓட்டத்தை 3 லிட்டராகக் குறைத்தால் 74 டிகிரி ஆகிவிடும்; தோல் வெந்துபோகும். சூடு மிகுந்தால் வெந்நீர்க் குழாயைத் திருகிக் குறைப்பவர் உண்மையில் சூட்டை ஏற்றுகிறார். குறைக்க வேண்டியது எரிவாயுவின் குமிழை.

எனவே கருவியைக் கழற்றுமுன் ஒரு வாளி, ஒரு கடிகாரம், ஒரு வெப்பமானி ஆகியவற்றைக் கொண்டு சோதிப்பது நன்று. ஆசிரியர்கள் இதனை வகுப்பிலும் செய்து காட்டலாம். எரிவாயுக் குமிழை முழுதும் திறந்து, தண்ணீர் கலவாமல், இரண்டு நிமிடம் ஓடவிட்டபின் அளக்க வேண்டும். 15 லிட்டர் வாளி 2 நிமிடத்தில் நிரம்பி, நீர் 20 டிகிரி உயர்ந்திருந்தால், 7½ × 20 = 150. கருவியில் குறையில்லை, ஓட்டமே மிகுதி. அதே வாளி 3 நிமிடத்தில் நிரம்பியும் உயர்வு 18 டிகிரியே எனில், 5 × 18 = 90. இங்கே வெப்பமே குறைகிறது. முதல் நிலையில் நீரைப் பார்க்க வேண்டும். இரண்டாவதில் வாயுவையும் காற்றையும்.

தீ பற்றாமலோ இடையில் அணைந்தோ போனால் பெரும்பாலும் நீரோட்டக் குறைவே காரணம். 10 மீட்டர் உயரத்து நீர், சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1 கிலோகிராம் அழுத்தம் தரும். மொட்டைமாடித் தொட்டி ஷவருக்கு 2 மீட்டரே மேலிருந்தால் கிடைப்பது அதில் ஐந்தில் ஒரு பங்கு. கீழ்த்தளத்தில் ஒழுங்காக எரியும் கருவி மேல்தளத்தில் முரண்டு பிடிப்பதன் இரகசியம் இதுவே. மழைக்காலத்தில் வண்டலும், செம்மண் நிலத்துக் கிணற்று நீரின் இரும்புத் துருவும் நுழைவாய் வலையை அடைத்துக்கொள்ளும். வலையைக் கழற்றிக் கழுவினால் போதும். கடின நீருள்ள சமவெளி ஊர்களில் குழாயினுள் சுண்ணாம்புப் படிவும் பார்க்கத்தக்கது. ஈரத்தில் பச்சை பூத்த மின்கல முனைகளை மறக்கலாகாது.

வாயுப் பக்கம் சொல்வதற்குச் சிறிதே உண்டு. வீட்டு ரெகுலேட்டர் தரும் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 30 கிராம். இக்கருவி மணிக்கு ஏறத்தாழ ஒரு கிலோகிராம் வாயுவை உண்ணும். அடுப்பும் உடன் எரிந்தால், தீரும் தறுவாயிலுள்ள சிலிண்டர் குளிர்ந்து அழுத்தம் தாழும். அப்போது சிலிண்டரைப் படுக்க வைப்பதும் அதன்மேல் கொதிநீர் ஊற்றுவதும் அறவே கூடாதவை.

காற்றுக் குறைவு வேறு வகையானது. ஒளிரும் நீலத் தீ மஞ்சளாக மாறினால் வாயு முழுமையாக எரியவில்லை என்று பொருள். கரி, வெப்பமாற்றியின் செம்புத் தகடுகளில் படிந்து நீருக்குச் செல்லும் சூட்டைத் தடுக்கும். புகை செல்லும் வழியையும் அடைக்கும். குளிர் காரணமாகக் குளியலறையின் சாளரத்தை அடைத்து, சூடு குறைகிறதென்று வாயுவை மேலும் திறப்பவர் இந்நிலையைத் தாமே வளர்க்கிறார். அப்போது எழுவது கார்பன் மோனாக்சைடு. அதற்கு நிறமில்லை, மணமில்லை. சிலிண்டர் வாயுவின் நாற்றம் எரியாத வாயுவை மட்டுமே காட்டிக்கொடுக்கும். இரத்தத்தின் ஹீமோகுளோபினுடன் அது பிராணவாயுவைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாகப் பற்றிக்கொள்கிறது. 1868-இல் லண்டனில் மாகன் என்பார் அமைத்த முதல் கீசருக்குப் புகைபோக்கி இல்லை. ஒன்றரை நூற்றாண்டு கழிந்தும் புகைபோக்கியின்றிக் குளியலறைக்குள்ளேயே இக்கருவியை மாட்டும் வழக்கம் ஒழியவில்லை என்பது வருந்தத்தக்கது. குளிக்கும்போது மயங்கி விழுதல், வலிப்பு ஆகியவற்றைக் கண்ட இந்திய நரம்பியல் மருத்துவர்கள் அதற்குக் கீசரின் பெயரையே சூட்டிவிட்டனர்.

ஆதலால் மஞ்சள் தீயைக் கண்டவுடன் கருவியை நிறுத்தி, பழுதுபார்ப்போர் வரும்வரை பயன்படுத்தாதிருக்க வேண்டும். கருவியைக் குளியலறைக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் மாட்டி, குழாய் மட்டும் உள்ளே வரச் செய்தல் வேண்டும். எவரேனும் தலைவலி, குமட்டல் எனக் கூறினாலோ மயங்கினாலோ, கதவைத் திறந்து, வாயுவை மூடி, அவரை வெளிக்காற்றுக்குக் கொணர்ந்து, தாமதமின்றி மருத்துவமனை சேர்த்தல் வேண்டும். கீசர் எரிந்துகொண்டிருந்தது என்பதை மருத்துவரிடம் தவறாது தெரிவித்தல் அவசியம். விரலில் மாட்டும் சாதாரணப் பிராணவாயு அளவி இந்நச்சைப் பிரித்தறியாது, அளவு சரியாக இருப்பதாகவே காட்டும்.