லுவார் நதியோரம் சைக்கிளில்

பிரான்சின் லுவார் நதியை ஒட்டி சுமார் 900 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு சைக்கிள் பாதை உண்டு. பெரிய மேடுகள் கிடையாது. சாவகாசமாக மிதித்தாலே அரண்மனைகள் ஒவ்வொன்றாக வரும். அம்புவாஸ் ஊரில், 1519இல் லியோனார்டோ டா வின்சி உயிர்விட்ட வீட்டைப் பார்க்கலாம். அதே ஆண்டு கட்டத் தொடங்கிய ஷாம்போர் அரண்மனையின் இரட்டைச் சுருள் படிக்கட்டில், ஏறுபவரும் இறங்குபவரும் நடுச்சன்னல் வழியே முகம் பார்க்கலாம். எதிரெதிரே முட்டிக்கொள்ள முடியாது. அதன் யோசனை டா வின்சியுடையது என்பார்கள், ஆதாரம்தான் இல்லை. இப்பகுதி மாளிகைகளுக்கு வெள்ளைச் சுண்ணாம்புக்கல் வெட்டிய குகைகள் சிலவற்றில் இன்று காளான் வளர்க்கிறார்கள், திராட்சை மது சேமிக்கிறார்கள். கோடையிலும் உள்ளே சுமார் 12 டிகிரிதான். வியர்வையோடு நுழைபவர்கள் பையில் ஒரு ஸ்வெட்டர் வைத்திருப்பது நல்லது.