டீம் ஜெயிச்சா புகழ் யாருக்கு? அமெரிக்க கால்பந்தில் குவாட்டர்பேக்கின் பங்கு எவ்வளவு? ஓர் அலசல்

2015 பிப்ரவரி 1. சூப்பர் பவுல் இறுதிப்போட்டி. நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் 28-24 என முன்னிலையில் இருக்கிறது. ஆட்டம் முடிய அரை நிமிஷம்கூட இல்லை. சியாட்டில் சீஹாக்ஸ் ஜெயிக்க இன்னும் ஒரே ஒரு யார்டு போதும். அப்போது சீஹாக்ஸ் வீசிய பந்தை இடையில் பாய்ந்து பறித்தார் மால்கம் பட்லர் என்ற புதுமுக வீரர். கோப்பை பேட்ரியாட்ஸுக்கு!

ஆட்ட நாயகன் விருது மட்டும் குவாட்டர்பேக் டாம் பிராடிக்குப் போனது. பட்லர் பந்தைப் பிடித்தபோது பிராடி களத்திலேயே இல்லை. ஓரமா நின்னு பார்த்துட்டு இருந்தார். ஆனால், கடைசி கால் பகுதியில் 10 புள்ளி பின்தங்கியிருந்த அணியை இரண்டு டச் டவுன் மூலம் முன்னிலைக்குக் கொண்டு வந்ததும் அதே பிராடிதான். விருதோடு வந்த டிரக்கை கடைசியில் பட்லருக்கே கொடுக்க வைத்தார்.

அப்போ அந்த வெற்றி யாருடையது? அமெரிக்காவில் பல வருஷமா ஓயாத விவாதம் இது.

குவாட்டர்பேக் என்ன செய்வார்?

ஒரு அணியில் களத்தில் 11 பேர். தாக்குதலுக்கு ஒரு 11 பேர், தடுப்புக்கு வேறு 11 பேர். பந்தை உதைப்பதற்கும் தனி ஆட்கள். தாக்குதல் அணியின் மூளை குவாட்டர்பேக். பயிற்சியாளர் சொல்லும் திட்டம் அவர் ஹெல்மெட்டில் இருக்கும் ரேடியோவில் வரும். அடுத்த நகர்வைத் தொடங்குவதற்கான கடிகாரத்தில் 15 நொடி மிச்சம் இருக்கும்போது அந்த இணைப்பும் கட். அதற்குப் பிறகு எதிரணி நிற்பதைப் பார்த்து திட்டத்தை மாற்றுவதா, யாருக்கு வீசுவது, இல்ல ஓடுபவர் கையில் கொடுப்பதா என எல்லாமே அவர் முடிவு. ஏறக்குறைய ஒவ்வொரு தாக்குதலிலும் பந்து அவர் கையைத் தொட்டுத்தான் போகும்.

ஆனா எதிரணி தாக்கும்போது அவருக்கு வேலையே இல்லை. அதாவது, ஆட்டத்தின் ஏறக்குறைய பாதி நேரம் அவர் வெறும் பார்வையாளர்.

வெற்றி எப்படி அவர் கணக்கில் சேர்கிறது?

ஆட்டத்தைத் தொடங்கும் குவாட்டர்பேக்கின் பெயரில்தான் வெற்றி, தோல்வி இரண்டும் எழுதப்படும். வேறு எந்த இடத்தில் ஆடுபவருக்கும் இப்படி ஒரு கணக்கு கிடையாது. இதில் வேடிக்கையும் உண்டு. 2002 ஜனவரியில் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸுக்கு எதிரான அரையிறுதியில் பிராடி காயம்பட்டு பாதியில் வெளியேறினார். ட்ரூ பிளெட்சோ வந்து டச் டவுன் வீசி, 24-17 என ஆட்டத்தை முடித்துக் கொடுத்தார். வெற்றி பதிவானது பிராடி பெயரில்!

பிராடியின் முதல் மூன்று சூப்பர் பவுல் வெற்றிகளும் வெறும் 3 புள்ளி வித்தியாசத்தில் வந்தவை. அதில் முதல் இரண்டை கடைசி நேரத்தில் உதைத்து முடித்தவர் ஆடம் வினடியேரி. பந்து அந்த இரண்டு உதைகளில் கொஞ்சம் விலகியிருந்தால், பிராடியின் கதையே வேற மாதிரி இருந்திருக்கலாம்.

பிராடி இல்லாமல் என்ன ஆனது?

இந்த விவாதத்தில் இரு தரப்பும் கையில் எடுக்கும் ஆயுதம் இதுதான்.

2007-ல் பேட்ரியாட்ஸ் வழக்கமான சீசனின் 16 ஆட்டத்திலும் வென்றது. 2008-ல் முதல் ஆட்டத்திலேயே பிராடிக்கு முழங்காலில் காயம். மாற்று வீரர் மேட் கேசல் ஆடியும் 11 வெற்றி கிடைத்தது. 'பார்த்தீங்களா, எல்லாம் பயிற்சியாளர் பில் பெலிசிக் மகிமை' என்றனர் ஒரு தரப்பினர்.

2020-ல் பிராடி டம்பா பே பக்கனீர்ஸுக்கு மாறினார். முந்தைய சீசனில் 7 வெற்றி மட்டுமே பெற்ற அந்த அணி, அதே சீசனில் கோப்பையைத் தூக்கியது. பேட்ரியாட்ஸ் 12 வெற்றியில் இருந்து 7-க்குச் சரிந்தது. 'இப்போ என்ன சொல்றீங்க?' என்றது மறுதரப்பு.

இரண்டுமே முழுக் கதை இல்லை. கொரோனா காரணமாக அந்த சீசனில் பேட்ரியாட்ஸ் வீரர்கள் 8 பேர் ஆடாமல் விலகியிருந்தனர். பக்கனீர்ஸின் தடுப்பு அணியோ, இறுதிப்போட்டியில் கன்சாஸ் சிட்டி சீஃப்ஸை ஒரு டச் டவுன்கூட போட விடவில்லை.

கோப்பை இருந்தால் போதுமா?

2000 சீசனில் பால்டிமோர் ரேவன்ஸ் கோப்பை வென்றது. அதன் தடுப்பு அணி 16 ஆட்டங்களில் விட்டுக் கொடுத்தது 165 புள்ளிகள் மட்டுமே. குவாட்டர்பேக் ட்ரென்ட் டில்ஃபர் வெற்றி நாயகனாக இருந்திருக்க வேண்டும். ஆனால் அந்த சீசன் முடிந்ததும் அணி அவரை அனுப்பிவிட்டது. வெற்றி அவரால் வந்தது என்று அவர் அணியே நம்பவில்லை.

டான் மரினோ நேர் எதிர். 1984-ல் 5,084 யார்டு, 48 டச் டவுன் வீசினார். அந்தக் காலத்தில் யாரும் தொடாத உயரம் அது. ஆனா கடைசி வரை ஒரு சூப்பர் பவுல்கூட அவர் கைக்கு வரவில்லை. அப்போ டில்ஃபர் மரினோவைவிட சிறந்தவரா? அப்படிச் சொல்லும் ரசிகர் யாரும் இருக்க மாட்டார்.

இது ஏன் முக்கியம்?

காரணம் பணம். 2024-ல் ஒரு அணியின் சம்பள உச்சவரம்பு 25.54 கோடி டாலர். அதே ஆண்டு டல்லாஸ் கவ்பாய்ஸ், குவாட்டர்பேக் டாக் ப்ரெஸ்காட்டுக்குக் கொடுத்த ஒப்பந்தத்தின் சராசரி ஆண்டுக்கு 6 கோடி டாலர். 53 பேர் கொண்ட அணியில் ஒருத்தருக்கே கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு! ஒப்பந்தத் தொகை வருஷா வருஷம் ஒரே மாதிரி கணக்கில் வராது என்றாலும், சுமை சுமைதான். அவரைப் பாதுகாக்கும் வீரர்களுக்கும், பந்தைப் பிடிப்பவர்களுக்கும், தடுப்பு அணிக்கும் மிச்சப் பணத்தில்தான் சம்பளம். வெற்றிக்கு யார் காரணம் என்பதைத் தப்பாகக் கணித்தால், அடுத்த சில சீசன்கள் அணியே தடுமாறும்.

சரி, எப்படித்தான் அளப்பது?

இப்போது ஆய்வாளர்கள் வெற்றி எண்ணிக்கையை விட்டுவிட்டு, ஒவ்வொரு நகர்விலும் அணி புள்ளி எடுக்கும் வாய்ப்பு எவ்வளவு கூடியது, குறைந்தது என்று பார்க்கிறார்கள். தடுப்பு அணியின் சாதனை இதில் குவாட்டர்பேக் கணக்கில் சேராது. ஆனா இதிலும் ஓட்டை உண்டு. மோசமாக வீசிய பந்தை ஒருவர் பறந்து பிடித்தாலும் மதிப்பெண் வீசியவருக்கும்தான் போகும்.

மொத்தத்தில், களத்தில் மற்ற எந்த ஒரு வீரரையும்விட குவாட்டர்பேக்கின் பங்கு பெரிது. அதனால் வெற்றி முழுக்க அவருடையது ஆகிவிடாது. அடுத்த முறை 'இவர் இத்தனை ஆட்டம் ஜெயிச்சவர்' என்று யாராவது சொன்னால், அந்த ஆட்டங்களில் எதிரணி எத்தனை புள்ளி எடுத்தது என்பதையும் சேர்த்துக் கேளுங்க. பாதி பதில் அதிலேயே கிடைச்சிடும்.