கையில் போடும் போதை ஊசி மூளையில் சீழ் வைப்பது எப்படி?

"ஒண்ணும் இல்ல, போதை ஏறிடுச்சு. தூங்கி எழுந்தா சரியாகிடும்." ஊசி மூலம் போதை ஏற்றும் இளைஞர் உளற ஆரம்பித்தால், கூட இருப்பவர்கள் இப்படித்தான் நினைப்பார்கள். ஆனால் காய்ச்சலும் தலைவலியும் சேர்ந்திருந்தால், அது போதையாக இல்லாமல் மூளைத் தொற்றாக இருக்கலாம்.

கையில் போட்டது தலைக்கு எப்படிப் போகும்?

நம் தோலில் எப்போதுமே பாக்டீரியாக்கள் இருக்கும். வெளியே இருக்கும்வரை பெரிய தொல்லை இல்லை. சுத்தமில்லாத ஊசி அவற்றை நேராக ரத்தத்துக்குள் தள்ளிவிடுகிறது. தமிழ்நாட்டில் டேபென்டடால் என்ற வலி நிவாரண மாத்திரையைத் தண்ணீரில் கரைத்து ஊசியாகப் போட்டுக்கொள்கிறார்கள். அது விழுங்குவதற்கான மாத்திரை. கரைக்கும் தண்ணீரும் பாத்திரமும்கூட கிருமி நீக்கப்பட்டவை அல்ல.

ரத்தத்தில் கலந்த கிருமி பலருக்கு இதய வால்வில் ஒட்டிக்கொள்கிறது. அங்கே ரத்தக்கட்டியோடு சேர்ந்து கொத்தாக வளரும். வலது பக்க வால்விலிருந்து ஒரு துண்டு பிய்ந்தால் நுரையீரலுக்குப் போகும். இடது பக்கம் என்றால் மூளைக்கே போகலாம். அங்கே ரத்தக்குழாயை அடைத்தால் பக்கவாதம், கிருமி தங்கிப் பெருகினால் சீழ்க்கட்டி, மூளையைச் சுற்றியுள்ள உறைக்குப் பரவினால் மூளைக்காய்ச்சல்.

ஒரே ஊசியைப் பலர் பயன்படுத்தினால் எச்.ஐ.வி. ஆபத்தும் உண்டு. சிகிச்சை எடுக்காமல் எதிர்ப்பு சக்தி குறைந்தால், சில ஆண்டுகள் கழித்துக் காசநோயோ பூஞ்சையோ மூளையைத் தாக்கலாம்.

எதைப் பார்த்தால் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்?

விடாத தலைவலி, வாந்தி, கழுத்து விறைப்பு, வலிப்பு, ஒரு பக்கக் கை கால் பலவீனம், குழப்பமான பேச்சு. எல்லாம் ஒன்றாக வரும் என்று காத்திருக்கக் கூடாது. மூளையில் சீழ் வைத்தவர்களில் பலருக்குக் காய்ச்சலே இருக்காது. இதில்தான் வீட்டில் இருப்பவர்கள் ஏமாந்துவிடுகிறார்கள்.

டாக்டரிடம் ஊசிப் பழக்கத்தை மறைக்கவே கூடாது. தெரிந்தால்தான் ஸ்கேனோடு இதய எக்கோவும் ரத்தக் கல்ச்சரும் உடனே எடுப்பார்கள். சீழ்க்கட்டி என்றால் பல வாரங்கள் நரம்பு வழியாக ஆன்டிபயாட்டிக் ஏற்ற வேண்டும். சிலருக்கு ஆபரேஷனும் தேவைப்படும்.

'சொன்னா கேஸ் ஆகிடுமோ' என்ற பயம்தான் பலரைத் தடுக்கிறது. போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவு, போதைப் பயன்பாட்டுக்காகவோ சிறிய அளவு தொடர்பாகவோ வழக்கைச் சந்திக்கும் அடிமையானவர் தானாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து விலக்கு தருகிறது. பாதியில் விட்டால் அந்த விலக்கு போய்விடலாம்.

அவசரத்துக்கு 108. போதை மீட்பு ஆலோசனைக்குத் தேசிய உதவி எண் 14446.