நாடாவாய்க் கிழித்தால் போதாது

காஞ்சிபுரத்து நெசவாளர் வீட்டுப் பரணில் காகிதம் சேர்ந்துகொண்டே இருக்கும். கூட்டுறவுச் சங்கத்தின் பழைய கூலிச் சீட்டு, வங்கிக் கடனுக்கு எடுத்ததில் மிஞ்சிய ஆதார் நகல், மூடிய கணக்கின் பாஸ்புக், ஆஸ்பத்திரி ரசீது. போகிக்கு ஒழிக்கும்போது எல்லாம் கட்டாகப் பழைய பேப்பர் கடைக்குப் போய், அங்கிருந்து பொட்டலம் மடிக்கும் கடைக்குப் போய்ச் சேரும். பெயர், பிறந்த தேதி, கணக்கு எண், கையெழுத்து எல்லாம் ஒரே கட்டில் கிடைத்தால் மோசடிக்காரனுக்கு வேறென்ன வேண்டும்?

இத்தகைய தாள்களை யாரும் படிக்க முடியாதபடி வெட்டுவதற்கென்றே உள்ள இயந்திரம் ஷ்ரெட்டர். அமெரிக்கரான அபட் அகஸ்டஸ் லோ 1909-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். பாஸ்தா மாவை நாடாவாக வெட்டும், கையால் சுற்றும் இயந்திரத்தைப் பார்த்து, 1935-இல் ஜெர்மனியின் அடால்ஃப் எஹிங்கர் ஒன்றைச் செய்தார். உள்ளே இரண்டு உருளைகள் எதிரெதிராகச் சுழலும். ஒன்றின் வெட்டுத் தகடுகள் மற்றதன் இடுக்கில் பொருந்தி, தாளை நாடாக்களாக அறுக்கும்.

நாடாவோடு நின்றுவிட்டால் ஆபத்து. 1979 நவம்பரில் தெஹ்ரானின் அமெரிக்கத் தூதரகம் கைப்பற்றப்பட்டபோது, அங்கிருந்தவர்கள் ரகசியத் தாள்களை அவசரமாக நாடாக்களாக வெட்டிப்போட்டிருந்தார்கள். ஈரானியர்கள் கம்பள நெசவாளர்களை உட்கார வைத்து அவற்றைப் பொருத்திப் புத்தகங்களாகவே அச்சிட்டார்கள். தீர்ந்த பாவின் நுனிகளோடு புதுப் பாவை இழை இழையாக விரலால் முறுக்கி இணைக்கும் காஞ்சிபுரத்தில் இதை யாரும் அதிசயமாக நினைக்க மாட்டார்கள். பொறுமையும் கண்ணும் உள்ளவருக்கு நாடா என்பது நீளமான இழைதான்.

ஆகவே குறுக்கு வெட்டு வேண்டும். 2012-இல் வந்த டின் 66399 என்ற ஜெர்மன் தரத்தில், பி-2 என்ற பாதுகாப்பு நிலையிலுள்ள இயந்திரம் 6 மில்லிமீட்டர் வரை அகலமான நாடாக்களை விடலாம். ஏ4 தாள் 35 நாடாதான் ஆகும். தாளைப் பக்கவாட்டில் செருகினால் ஒரு வரி முழுதும், ஆதாரின் 12 இலக்கங்களோடு, ஒரே நாடாவில் பிழைத்துவிடும். பி-4 இயந்திரத்தில் எந்தத் துண்டும் 160 சதுர மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. அதே தாள் குறைந்தது 390 துண்டுகளாகிவிடும். வீட்டுக்கு இதுவே போதும்.

இயந்திரம் இல்லையென்றால் கொளுத்த வேண்டாம். அடுக்கான தாளின் நடுவே காற்றுப் புகாததால் உள்பக்கங்கள் கருகாமல் தப்பும். கிழித்து ஒரு வாளித் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவையுங்கள். நார்களைப் பிடித்திருக்கும் பிணைப்பைத் தண்ணீர் தளர்த்திவிடும். லேசர் அச்சின் மை பிளாஸ்டிக் தூள் என்பதால் கரையாது. எழுத்து சிதையும்வரை கூழாகப் பிசைய வேண்டும். லேமினேட் செய்த அட்டைக்குள் தண்ணீர் இறங்காது. எண்ணின் குறுக்கே கத்தரியால் பொடிப்பொடியாக வெட்டி, துண்டுகளை வெவ்வேறு நாள் குப்பையில் போடுங்கள். மூலப் பத்திரம், பட்டா, கடன் தீர்ந்ததற்கான சான்று மூன்றையும் முதலிலேயே தனியாக எடுத்து வைத்துவிடுங்கள்.